கோல் விட்ட அண்ணன்

என் அண்ணனை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டிக்கர் சுற்றுகிறது. கோல் போஸ்ட்டுக்கு முன்னால் பச்சைச் சட்டை போட்ட ஒருவன் பாய்கிறான், பாதியிலேயே நின்றுவிடுகிறான், பந்து அவன் விரலைத் தாண்டி உள்ளே போகிறது. கீழே ‘வேலை பெர்மனென்ட்டா?’ என்று எழுதியிருக்கும். கட்சி மாறியவனுக்கு அதை அனுப்புவார்கள், கல்யாணத்துக்கு வராமல் ஏமாற்றிய நண்பனுக்கும் அனுப்புவார்கள். என் நாத்தனார் எனக்கே ஒருமுறை அனுப்பினாள். அது என் அண்ணன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினாள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சேனல் எங்கள் கும்மிடிப்பூண்டியில் ஒரு சீரியல் எடுத்தது. இல்லாத ஒரு இரும்பு ஆலை, அதில் வேலை செய்கிறவர்கள் நடத்தும் இல்லாத ஒரு ஃபுட்பால் கிளப். மாமியார் மருமகள் சண்டையை விட்டுவிட்டுப் பந்தை வைத்துக் கதை பண்ணலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதற்கான தண்டனையை அவர்கள் சீக்கிரமே அனுபவித்து முடித்தார்கள். என் அண்ணன் இன்னும் அனுபவிக்கிறான்.

அண்ணன் அப்போது நிஜமான ஒரு கம்பி ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. உருளைகளுக்கு நடுவிலிருந்து சீறிக்கொண்டு வரும் சிவந்த கம்பியின் தலையை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். தவறவிட்டால் அது தொடைக்குள் புகுந்து மறுபக்கம் வரும். பகல் முழுக்க அதைப் பிடிக்கிறவனுக்குப் பந்து எம்மாத்திரம்? ஆயுத பூஜைக்குத் தொழிற்பேட்டையில் ஆலைக்கு ஆலை நடக்கும் மேட்சில் எங்கள் ஆலைக்கு அவன்தான் கோல்கீப்பர், எங்கள் பேச்சில் கோலி. அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். சீரியல்காரர்கள் செலவைக் குறைக்க எங்கள் டீமையே அப்படியே அந்த இல்லாத கிளப்பாக நடிக்கக் கூப்பிட்டார்கள். கிளப்பில் ஹீரோவும் ஹீரோவின் மாமனும் மட்டும் சென்னையிலிருந்து வந்த நடிகர்கள்.

கதைப்படி ஃபைனலில் கோலி ஒரு பந்தை விட வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. அண்ணனால் விட முடியவில்லை. வலது பக்கம் பாயச் சொல்லி இடது பக்கம் அடித்தார்கள், காலை நீட்டித் தடுத்துவிட்டான். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள், சத்தத்தை வைத்துப் பிடித்தான். எதிர் டீமில் பந்தை உதைத்த துணை நடிகரோ அதற்கு முன்னால் செருப்பைக் கூட உதைத்திருக்க மாட்டார். வெயில் ஏறியது, டைரக்டர் தொப்பியைத் தரையில் அடித்தார். கடைசியில் லைட் கட்டும் நைலான் கயிற்றின் ஒரு முனையை அண்ணனின் கணுக்காலிலும் மறுமுனையை போஸ்ட்டிலும் கட்டினார்கள். கட்டியது எங்கள் ஆலை டீம் கேப்டன், சின்ன வயதிலிருந்து அண்ணனோடு ஒன்றாகத் திரிந்தவர். பாய்ந்தவன் அந்தரத்தில் இழுபட்டு விழுந்தான். ஷாட் ஓகே என்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கயிறு கேமராவுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். அதில் மட்டும் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

கணுக்காலில் தோல் உரிந்துவிட்டது. வீட்டில் அம்மாதான் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசிவிட்டாள். ஒரு வாரம் பூசினாள். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அந்த எபிசோட் ஒளிபரப்பானபோது எங்கள் தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. அண்ணன் பாய்ந்தான், பாதியில் நின்றான், பந்து போனது. அடுத்த காட்சியில் எதிரி ஆலையின் மேனேஜர் டீக்கடையில் அண்ணனின் கையைக் குலுக்கி, உனக்கு வேலை பெர்மனென்ட் என்கிறார். அண்ணன் முகத்தை ஒரு நிமிடம் காட்டினார்கள். தொடரும் என்று போட்டார்கள்.

தொடரவில்லை. பார்க்க ஆளில்லை என்று சேனல் அத்தோடு சீரியலை நிறுத்திவிட்டது. அடுத்த வாரம் அதே நேரத்தில் பாம்பு சீரியல் ஒன்று வந்தது, ஓஹோ என்று ஓடியது.

உண்மையில் சீரியலின் கதை அப்படி இல்லை. கோலியின் சோடாவில் மாத்திரையைக் கலந்தது ஹீரோவின் மாமன். வேலை பேரத்தை அண்ணன் பேரில் பேசியதும் அந்த மாமன்தான். கையைக் குலுக்கும்போது கோலிக்கு எதுவும் புரியவில்லை, அதுதான் அந்த ஒரு நிமிட முகம். உண்மை வெளியே வரும் காட்சியை அதே மைதானத்தில் எடுத்தும் முடித்திருந்தார்கள். ‘நான் பந்தை விடலை, என் கால் எழும்பலை’ என்று அண்ணன் ஊர் முன்னால் அழுது பேசும் காட்சி. அவனுக்கு இருந்த ஒரே நீள வசனம். சாப்பிடும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகி எங்கள் உயிரை எடுத்தான். அந்தக் காட்சி வரவே இல்லை.

யாரோ அந்த இரண்டு காட்சியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள், முதலில் கிண்டல்தான். ஷிப்ட் பஸ்ஸில் இவன் ஏறினால், சூப்பர்வைசர் இவனோடு இரண்டு வார்த்தை பேசினால், கை குலுக்குவதுபோல் செய்து காட்டினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அடுத்த ஆயுத பூஜை வந்தபோது டீமில் அவன் பேர் இல்லை. கயிறு கட்டிய அதே கேப்டனிடம் போய் ஏன் என்று கேட்டான், நானும் கூடப் போயிருந்தேன். உன்னை நிற்க வைத்தால் ஜனங்கள் சிரிப்பார்கள், ஒரு கோல் போனால்கூட வித்துட்டான் என்பார்கள் என்று அவர் சொன்னார். நீதானே உன் கையால் கயிறு கட்டினாய் என்றான் அண்ணன்.

“கட்னேன், இல்லன்னு சொல்லல. ஆனா டிவில பாக்கசொல்லோ கயிறே தெர்ல நைனா. நீயா நின்ன மாறிதான் கீது.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லிக் குமுறினேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அண்ணன் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்பா காண்ட்ராக்ட் தொழிலாளியாகவே உழைத்துச் செத்தவர், அதனால் பெர்மனென்ட் என்ற வார்த்தையைச் சாமி பேரைச் சொல்வதுபோல்தான் சொல்வாள். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

“நடிப்புதான், எனுக்குத் தெரியாதா? அத்தினி பேர் இருக்கசொல்லோ உன்ன இன்னாத்துக்குடா அதுக்கு எட்தாங்க? மூஞ்சில இன்னாமோ கண்டுக்கினுதான எட்தாங்க? வுட்டதுதான் வுட்ட, அந்த வேலையனா வாங்கிக்கினு வந்துருக்கலாம்.”

மஞ்சள் பூசிய அதே கையால்தான் அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் போட்டாள். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. ஆனால் அந்த ராத்திரிதான் அவனுக்கு ஒரு பிடிவாதம் வந்தது என்று நினைக்கிறேன். அந்த அழுகைக் காட்சியை எப்படியாவது வாங்கிவந்து அம்மாவுக்குக் காட்ட வேண்டும். ஊர் கிடக்கட்டும், அவள் ஒருத்தி நம்பினால் போதும் என்றான்.

லீவு போட்டுவிட்டு ரயில் ஏறி, அங்கிருந்து பஸ் மாறி இருவரும் சாலிகிராமம் போனோம். சீரியல் கம்பெனியை விசாரித்துக் கண்டுபிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அண்ணனை அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் முதல் வேலையாக அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். காட்சியைக் கேட்டதும் சிரித்தார். டெலிகாஸ்ட் ஆகாததை யாராவது வைத்திருப்பார்களா, அந்த டிஸ்க்கை அன்றே அழித்துவிட்டு அதில்தான் பாம்பு சீரியலை எடுத்தோம் என்றார். அண்ணன் அழுத இடத்தில் இப்போது ஒரு நாகம் பால் குடித்துக்கொண்டிருக்கிறது.

நடுவில் அவனுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. ஆலையில் வடக்கிலிருந்து வந்த பையன்கள் அதிகமானார்கள். அவர்களுக்குப் பந்து என்றால் உயிர், தமிழ் தெரியாது, சீரியல் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து மைதானத்தில் ஆடும்போது அண்ணனை போஸ்ட்டில் நிறுத்தினார்கள். அவன் பிடித்த பிடியைப் பார்த்து, அண்ணா என்பதை அவர்கள் பாஷையில் தாதா தாதா என்று கத்தி, தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அவன் வெறும் கோலியாக இருந்தான். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் துண்டு வீடியோவை அவர்கள் போனுக்கு அனுப்பி, விஷயத்தை இந்தியிலும் விளக்கிவிட்டார். மறுநாள் அவர்கள் ஆளுக்கொரு முறை வந்து அவன் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

என்னை மணவாள நகரில் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளை வீட்டார் அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டார்கள், சம்பந்தம் தட்டிப்போகவில்லை, அந்த மட்டும் சந்தோஷம். கல்யாண மண்டபத்தில் ஸ்டேஜ் ஓரமாக அவனை நிறுத்தி, பாதியில் நின்ற மாதிரி போஸ் கொடுக்கச் சொல்லி வரிசையாக போட்டோ எடுத்தார்கள். தங்கை கல்யாணமாயிற்றே, முகம் கோணாமல் கொடுத்தான். என் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைவிட அவன் படம் அதிகம்.

போன மாதம் அம்மா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு குஷி. அண்ணனுக்கு வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது, உடனே வா என்றாள். தீயின் முன்னால் நின்று நின்று அவன் புருவம் பாதி கருகிவிட்டது, ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. அதே ஆலையில் சீனியாரிட்டிப்படி அவனுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது. கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். இனிமேலாவது அந்த ஸ்டிக்கரை விட்டொழிப்பார்கள் என்றுகூட ஒரு நப்பாசை வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெண்கள் கூட்டம். அம்மா தட்டு நிறைய லட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், புதுச் சட்டை போட்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி எந்தக் கம்பெனியில் என்று கேட்டாள்.

“அதான், டிவில கைய குட்த்துச் சொன்னாங்களே, அந்த வேலதான்,” என்றாள் அம்மா. “லேட்டானாலும் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்க. கோல் வுட்டது வீணாப் போவல.”

கிண்டலாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னாள். தன் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கயிற்றைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா ஒரு லட்டை எடுத்து அண்ணன் வாயருகே நீட்டி, இன்னாடா, நான் சொல்றது சரிதான என்று கேட்டாள். கூட்டம் மொத்தமும் அவனைப் பார்த்தது.

அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

“ஆமாம்மா,” என்றான். “குட்த்துட்டாங்க.”

லட்டை வாயில் வாங்கிக்கொண்டான். நான் குனிந்து அவன் கணுக்காலைப் பார்த்தேன். பழைய தழும்பு மட்டும்தான் இருந்தது, இந்த முறை யாரும் எதையும் கட்டியிருக்கவில்லை.