தேனீக்களைப் பற்றி அவள் சொன்னது

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த எழுபதுகளில், இரும்புக் கம்பி செய்யும் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். சொந்த ஊர் திருவள்ளூர். அப்பா கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை காலையில் திரும்புவேன். மற்ற நாட்களில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறையில் ஜாகை.

எங்கள் மேனேஜர் பம்பாய்க்காரர். தமிழ் வராது. ஒருநாள் ஆபீஸில் நின்றுகொண்டு, இங்கே யாருக்குத் தெலுங்கு தெரியும் என்று கேட்டார். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் மலையில் ஒரு அருவி இருப்பதாகவும், போகும் வழியில் ஒருவர் கோகோ பயிரிட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வர ஆசை. கூட வந்து எல்லாவற்றையும் சுற்றிக்காட்ட ஒரு ஆள் வேண்டும்.

நான் கையைத் தூக்கினேன்.

கம்பெனியில் பாதித் தொழிலாளிகள் வீட்டில் பேசுவது தெலுங்குதான். ஆனால் அவர்களுக்கு இங்கிலீஷ் வராது. இரண்டும் தெரியும் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான் இருந்தேன். என் தெலுங்கு எவ்வளவு என்றால், திருவள்ளூர் சந்தைக்கு வரும் ஆந்திர மிளகாய் வியாபாரிகளிடம் விலை கேட்கிற அளவு. வா, போ, எவ்வளவு, வேண்டாம். அந்த அருவிக்கும் நான் போனதே இல்லை. அதையும் சொல்லவில்லை. மேனேஜர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுவதும் அந்தத் தட்டல் தோளிலேயே இருந்தது.

கம்பெனி வேனில் கிளம்பினோம். மேனேஜர், அவர் மனைவி, ஆறு வயது மகள், நான், டிரைவர். டிரைவர் பழவேற்காட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னை அவர் சாமி என்பார், பாதி மரியாதை, பாதி கேலி.

முதலில் பூண்டி நீர்த்தேக்கத்துப் பூங்காவில் நிறுத்தினோம். அங்கே நான் வெளுத்து வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மேனேஜரின் மனைவி பூக்களைக் காட்டிக் காட்டிக் கேட்டார். தெரிந்தவற்றுக்குப் பெயர் சொன்னேன், தெரியாதவற்றுக்குப் பெயர் வைத்தேன். ஒரு கொன்றை மரத்தைக் காட்டி, எங்கள் கோயிலில் ஒரே ஒரு நாள் மட்டும் இந்தப் பூவைப் பெருமாளுக்குச் சாத்துவார்கள் என்று ஒரு கதையை அங்கேயே கட்டினேன். அந்த அம்மாள் அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குக் கூச்சமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. பாய் மட்டும் என் காதோரம் வந்து, "இன்னா சாமி, இம்மாம் விஷயம் வெச்சிக்கினு டைப் அடிச்சிக்கினு கீறியே" என்றார்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டி, மலையைப் பார்த்துப் போகிற மண்பாதையில் இருந்தது அந்தத் தோட்டம். தென்னை மரங்களுக்கு நடுவே, நிழலில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகமான கோகோ மரங்கள். சொந்தக்காரர் அங்கே இருப்பதில்லை. பார்த்துப்போக அனுமதி மட்டும் கொடுத்திருந்தார். காவலுக்கு இருந்த பெண் வந்து கேட்டைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கலாம். புருஷன் மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பதாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவள் பேசியது முழுக்கத் தெலுங்கு, அதுவும் சந்தைத் தெலுங்கு இல்லை. வேகமாக, அடித் தொண்டையிலிருந்து வந்தது.

கோகோ காய் கிளையில் தொங்கும் என்று நினைத்திருந்தேன். அது அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, பப்பாளிப் பிஞ்சு போல, மஞ்சளாக. அவள் ஒன்றைப் பறித்துக் கல்லில் தட்டி உடைத்தாள். உள்ளே வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள். அந்தச் சதையைச் சப்பச் சொல்லிக் குழந்தையிடம் கொடுத்தாள். இனிப்பும் புளிப்புமாக இருந்தது. குழந்தை கொட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தது, எல்லோரும் சிரித்தோம். கொட்டைகளை வாழையிலையில் மூடிப் புளிக்க வைத்திருந்த கூடையையும், கோரைப்பாயில் காயப் போட்டிருந்ததையும் காட்டினாள். பார்த்தாலே புரிகிற விஷயங்கள். அவள் பத்து வார்த்தை சொன்னால் நான் இங்கிலீஷில் இருபது சொன்னேன்.

கிளம்பும்போது, நாங்கள் அருவிக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு அவள் என் பக்கம் வந்து ஏதோ சொன்னாள். நான் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லையோ என்று சந்தேகப்பட்டு, மெதுவாக, கையால் மேலே காட்டி மறுபடியும் சொன்னாள்.

"அக்கட தேனெடீகலு உன்னாயி. பொக பெட்டொத்து."

என்ன சொல்கிறாள் என்று மேனேஜரின் மனைவி கேட்டார். என் காதில் விழுந்தது தேன் ஒன்றுதான். மலையில் நல்ல தேன் கிடைக்குமாம் என்றேன். அந்த அம்மாள் சந்தோஷப்பட்டுத் திரும்பும்போது வாங்கலாம் என்றார்.

அங்கே தேனீக்கள் இருக்கின்றன, புகை போடாதே. இதுதான் அவள் சொன்னது. தேனும் ஈயும் நமக்கும் உண்டு. பொக என்பது புகை. கடைசியில் வந்த ஒத்து என்பது வேண்டாம், சந்தையில் நானே சொல்கிற வார்த்தை. இதைப் புரிந்துகொள்ளத் தெலுங்கு படித்திருக்க வேண்டியதில்லை, காது கொடுத்திருந்தால் போதும். நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. நான் பேசப்போவதை யோசித்துக்கொண்டிருந்தேன். பாய் அப்போது வேனின் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லையோர ஊர்க்காரர், தெலுங்கு காதுக்குப் பழகியவர்; பக்கத்தில் இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அருவி பெரியதில்லை. பாறையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு விழுந்து, கீழே இடுப்பளவு குட்டையாகத் தேங்கியிருந்தது. குளித்தோம். கட்டுச்சோறு சாப்பிட்டோம். மேனேஜரின் மனைவி டீ கேட்டார். கொண்டுபோன ஸ்டவ் காற்றில் நிற்கவில்லை. நான் மூன்று கல்லைக் கூட்டி, அரை ஈரமாகக் கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கி வைத்துக் கொளுத்தினேன். எரியாமல் புகைந்தது. குனிந்து ஊத ஊத, புகை பாறையை ஒட்டி மேலே ஏறியது.

மேலே பாறை இடுக்கில் கறுப்பாகத் தொங்கிய மூன்று அடைகளை அதுவரை யாரும் பார்க்கவில்லை. முதலில் ஒரு இரைச்சல். அருவிச் சத்தம் என்று நினைத்தேன். அடுத்த கணம் என் கழுத்தில் ஒன்று கொட்டியது.

நான் ஓடினேன். யாரையும் பார்க்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. குட்டையில் குதித்து மூழ்கினேன். மூச்சு முட்டும்போது மூக்கை மட்டும் வெளியே நீட்டுவேன், மறுபடி முங்குவேன். அழைத்துக்கொண்டு போனவன் நான். முதலில் தப்பித்தவனும் நான்தான்.

மேனேஜரும் மனைவியும் துண்டைப் போர்த்திக்கொண்டு வேனை நோக்கி ஓடியிருக்கிறார்கள், குழந்தை மற்றவரோடு இருப்பதாக இருவருமே நினைத்துக்கொண்டு. குழந்தை அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று அலறியிருக்கிறது. பாய் திரும்பி வந்து, தன் சட்டையைக் கழற்றி அதன் தலையில் போட்டு மூடி, தரையில் குப்புறத் தள்ளி மேலே படுத்துக்கொண்டார். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியபோது நான் பார்த்தது அதைத்தான். அவருடைய வெற்று முதுகு அசைவது போல இருந்தது. அசைந்தது முதுகு அல்ல.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஈக்கள் அடங்கியபின் அவரைத் தூக்கி வேனில் கிடத்தினோம். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. குழந்தைக்குக் கையில் இரண்டு கொட்டு, அவ்வளவுதான். மேனேஜரே வேனை ஓட்டினார். தோட்டத்து வாசலில் அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் குறுக்கே வந்து நிறுத்தச் சொன்னாள். ஒரே பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடிச் சுண்ணாம்பும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்து, வேனில் ஏறி பாயின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகத்தால் ஒவ்வொரு கொடுக்காகப் பிடுங்க ஆரம்பித்தாள்.

மேனேஜருக்குப் பயம் போய்க் கோபம் வந்திருந்தது. அங்கே தேனீ இருப்பது தெரிந்தும் ஏன் காலையில் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்கச் சொன்னார்.

நான் கேட்டேன். தடுமாறித்தான் கேட்டேன். அவள் கை நிற்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஈ அப்பாயிகி ரெண்டு சார்லு செப்பானு" என்றாள். இந்தப் பையனிடம் இரண்டு தடவை சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

மேனேஜர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறந்துவிட்டாளாம் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

காலையில் சொன்னது தப்பு. இது தப்பு இல்லை, பொய். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜரின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏதோ நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாயின் கண்ணிமையில் இருந்த கொடுக்கை மெதுவாக எடுத்துவிட்டு, அடுத்ததைத் தேடினாள்.

ஆஸ்பத்திரியில் பாய் ஒரு வாரம் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. கம்பெனியில் அவரை வண்டியிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள்.

அடுத்த நாள் காலை மேனேஜர் தோட்டத்துச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் சொன்னார். நான் டைப் அடித்தேன். அந்தப் பெண்ணின் அலட்சியத்தால் ஒரு குழந்தையின் உயிர் போயிருக்கும் என்று அதில் ஒரு வரி. கோபத்தில் அவர் சொன்ன இங்கிலீஷ் கொஞ்சம் கோணலாக இருந்தது. நான்தான் அதைச் சரிசெய்து, அழகாக்கிக் கையெழுத்துக்கு வைத்தேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம். ஸ்டோருக்கு ஒரு பில் விஷயமாகப் போனேன். பாய் டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையும் உட்காரச் சொன்னார். பேச்சு அந்த நாளை நோக்கித் திரும்பியது. அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை. தன் மூஞ்சியிலிருந்து கொடுக்கு எடுத்த அந்தக் கை மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். "பாவம், அந்தம்மா மறந்துடுச்சி. வேல செய்றவங்களுக்கு ஆயிரம் பேஜாரு. இன்னா பண்றது."

என்னால் அதற்கு மேல் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. சொல்லிவிட்டேன். காலையில் புரியாமல் தலையாட்டியது, தேன் என்றது, சாயங்காலம் தெரிந்தே சொன்ன பொய், எல்லாவற்றையும்.

பாய் மெல்லுவதை நிறுத்தினார். நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார்.

"என் கண்ணு போனது போவட்டும் சாமி. நெருப்பு வெக்கிறவனுக்கு இன்னா தெரியும். அந்தம்மாவ இன்னா பண்ணாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். அதுவும் நிஜம். ஏழு மாதத்தில் நான் விசாரித்ததே இல்லை.

"போய்ப் பாத்துட்டு வா. அப்பறம் எங்கூட பேசு" என்று கேரியரை மூடினார்.

தோட்டத்துச் சொந்தக்காரரின் வீடு திருவள்ளூரில், எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. கடிதத்தில் விலாசம் அடித்தவனே நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் வக்கீல், நல்ல மனிதர், கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, கடிதம் வந்த வாரமே அவர்களை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஐந்து வருஷம் அங்கே இருந்தார்களாம். அந்தக் கன்றுகளை நட்டதே அவர்கள்தானாம்.

"சொன்னேன் சொன்னேன்னுதாம்ப்பா அவ அழுதா" என்றார். "ஒரு கம்பெனி மேனேஜர் லெட்டர் ஹெட்ல எழுதியிருக்கார், இவ பேச்ச எப்படி நம்பறது? இப்ப வேற குடும்பம் இருக்கு. அவங்கள வெளிய போன்னு சொல்ல முடியுமா?"

முடியாதுதான். அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். செங்கல் சூளைக்குப் போனதாக யாரோ சொன்னார்கள், ஊத்துக்கோட்டைப் பக்கம் இருக்கலாம் என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். இந்த வயதில் இப்படி வந்து சொல்கிற பையன்கள் அபூர்வம் என்று என்னைப் பாராட்டவும் செய்தார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சூளைகளில் தேடினேன். பெயர் தெரியாத ஒரு பெண்ணை எப்படி விசாரிப்பது? அன்றைக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை, வக்கீலிடமும் கேட்க மறந்திருந்தேன். தெலுங்கு பேசுகிறவள், கோகோ தோட்டத்தில் இருந்தவள் என்று சொல்லிப் பார்த்தேன். சூளைகளில் எல்லோரும் தெலுங்குதான் பேசினார்கள். கோகோ என்றால் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது, போகவில்லை. நாலாவது வாரம் மழை இல்லை. அப்போதும் போகவில்லை. தேடிக் கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில், அவள் கிடைத்துவிடுவாளோ என்று பயந்தேன். எந்த மொழியில் என்ன சொல்வது?

மேனேஜரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போகும்போது, அன்று கூட வந்து கஷ்டப்பட்டவன் என்று சிபாரிசு செய்து என்னை ஹெட் கிளார்க் ஆக்கிவிட்டுப் போனார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பாய் ரிட்டயர் ஆகும் வரை அதே ஸ்டோரில் இருந்தார். எதிரில் பார்த்தால் தலையை அசைப்பார். சூளையில் தேடியதைப் பற்றி ஒருமுறை அவரிடம் சொல்லப் போனேன். "பாத்தியா அவங்கள?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து எழுதத் தொடங்கினார்.