மாமா சிரித்த ஒரே இடம்

கல்யாணமான முதல் ஆடிக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்காவை, தன் ஊரான வருசநாட்டுக்கு அழைத்துப்போக மாமா இன்று வந்தார். கிளம்பும் முன் எங்கள் இருவரையும் கம்பத்தில் சினிமாவுக்குக் கூட்டிப்போனார்.

எப்போதும் சண்டை போடும் புருசன் பெண்டாட்டிகளைப் பற்றிய படம். தியேட்டரே சிரித்தது. மாமா மட்டும் உம்மென்று இருந்தார்.

"மாமாவுக்குப் படம் பிடிக்கலையாக்கா?"

"பேசாமப் படத்தப் பாருடி."

ஒரு காட்சியில், அம்மா வீட்டுக்குக் கிளம்பும் மனைவியைக் கணவன் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைக் கிணற்றில் எறிகிறான். தியேட்டரில் சத்தமே இல்லை. மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு அக்கா பக்கம் சாய்ந்து, "தலைதீபாவளிக்கு ஆத்தா வீட்டுக்குப் போகணும்னு வாயத் தொறந்து பாரு, இதான்" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்தவள் படம் முடியும்வரை விடவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்த அம்மா என்னிடம், "மருமகன் சினிமாவுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறாக. எம்மக குடுத்து வச்சவ" என்றார். பஸ் போய்விட்டது.

எனக்கு நேரில் பேச வராது, அதனால் இங்கே எழுதிக் கேட்கிறேன். மருமகன் சிரித்தார் என்பதை அம்மாவிடம் எப்படிப் புகாராகச் சொல்வது?