ஹோப்பி நாட்டில் ஒரு மான் வழக்கு

எங்கள் லவால் வீட்டில் போன நவம்பரிலிருந்து இரண்டு சமையலறைகள். உள்ளே இருப்பது என் மனைவி சுகந்தியுடையது. கராஜில் சின்ன காஸ் அடுப்போடு இருப்பது என்னுடையது. காரணம் ஒரு மான். நான் மொன்றியல் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கூட வேலை செய்பவர்கள் வேட்டைக்குக் கூட்டிப்போனார்கள். முதல் முறையே என் கையால் ஒரு மான் விழுந்தது. இறைச்சியோடு ராசா மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

"முருகனைக் கும்பிடுற வீட்டிலை மான் இறைச்சியோ? வள்ளி மான் வயித்திலை பிறந்தவள் எண்டு தெரியாதோ?" என்றாள் மனைவி.

"முருகனும் வேடனாத்தானே வந்தவர்," என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

கோழி, ஆடு எல்லாம் சாப்பிடுகிறவள்தான். மான் மட்டும் ஆகாது. கொன்றதை எறிவது அதைவிடப் பாவம் என்பது என் வாதம். ஆகவே மான் சமைக்கும் நாட்களில் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு கராஜில் தனியே சாப்பிட்டேன். அவள் எதிரே இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன், அவளிடம் சொல்லவில்லை. இந்த வருடமும் வேட்டைக்குப் போனால் எல்லாச் சாப்பாடும் கராஜிலேதான் என்று தீர்ப்பும் வந்துவிட்டது.

ஜூனில் கிராண்ட் கன்யன் பயணம் அவளுடைய நெடுநாள் ஆசை. அங்கிருந்து அரிசோனாவின் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களின் ஊருக்குப் போவது என் சூழ்ச்சி. அவர்கள் வேட்டையை வழிபாடுபோலச் செய்பவர்கள் என்று படித்திருந்தேன். வழக்குக்கு ஒரு சாட்சி கிடைக்கும் என்று நினைத்தேன்.

பீனிக்ஸ் வரை விமானம், பிறகு வாடகைக் கார். கன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து டூபா சிற்றி வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். கோடையில், வழியில் வரும் நவஹோ பூர்வகுடிகளின் நிலத்தில் மணிக்கூடு ஒரு மணி நேரம் முன்னே ஓடும். ஹோப்பி நிலத்தில் பழையபடி பின்னே வரும். அது தெரியாமல் நாங்கள் ஒரு மணி நேரம் முந்திப் போய் வெயிலில் நின்றோம். சுகந்தி மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மேசைபோலத் தட்டையான குன்றின் உச்சியில் கல் வீடுகள். கீழே கண்ணுக்கெட்டிய வரை வெறும் நிலம், அங்கங்கே சோளம். எங்கள் வழிகாட்டி அந்த ஊர்ப் பெண். சிரித்த முகம், பட்டென்ற பேச்சு. முயல் வேட்டையைப் பற்றி அவர்தான் சொன்னார். ஆண்கள் பெரிய வட்டமாக நின்று நெருங்கி வருவார்களாம். கையில் வளைந்த எறிதடி, நம் வளரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. போவதற்கு முன்பே பிரார்த்தனை உண்டு. மான் கிடைத்தால் அது வீட்டுக்கு வந்த விருந்தாளி. போர்வை போர்த்தி, சோளமாவு தூவி, நல்லபடியாகத் திரும்பிப் போய் உன் ஆட்களையும் அனுப்பு என்று கேட்டுக்கொள்வார்களாம். அதற்கு மேல் வெளியாருக்கு இல்லை என்று நிறுத்திவிட்டார். நானும் இங்கே நிறுத்துகிறேன்.

நான் பெருமையாக என் மான் கதையை எடுத்துவிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டில் அதை யார் வரவேற்றது?

நான் சுகந்தியைப் பார்த்தேன். "கராஜ்," என்றாள்.

விடைபெறும்போது, அவர் வாயில் கேட்டிருந்த சொல்லை எடுத்து "அஸ்க்வலி" என்று நன்றி சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அது பெண்கள் சொல்லும் நன்றியாம். ஆண்கள் "க்வாக்ஹா" என்று சொல்ல வேண்டுமாம். சுகந்தியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! தப்பாகப் பேசியதற்கு நான் ஒருநாளும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

காரில் திரும்பும்போது கேட்டாள்: "அது விழேக்கை நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. எல்லாரும் சேர்ந்து சந்தோஷத்திலை கூவிக் கூக்காட்டினனாங்கள்."

பிறகு ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் வரும்வரை அவள் வெளியே நிலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். சாட்சி என் பக்கம் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

போக நினைப்பவர்களுக்கு: ஊருக்குள் படம் எடுப்பது, ஒலிப்பதிவு, ஏன், கையால் வரைவதுகூடக் கூடாது. தொலைபேசியைக் காரிலேயே விட்டுவிடுங்கள். மதுவுக்கும் தடை. சடங்கு நாட்களில் சில ஊர்கள் வெளியாருக்கு மூடியிருக்கும். முன்கூட்டியே கேட்டு, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். தண்ணீரும் பெற்றோலும் நிறைய வேண்டும். நீலச் சோளமாவைச் சூடான கல்லில் வெறும் கையால் இழுத்துச் சுடும் பீக்கி ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள். தாள்போல மெல்லிசு, வாயில் கரையும்.

லவாலுக்கு வந்த அடுத்த ஞாயிறு, கராஜ் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். குளிர்பெட்டி திறந்திருந்தது. கடைசி இறைச்சிப் பொட்டலம் இல்லை. உள்ளே, சுகந்தியின் சமையலறை மேசையில் அது ஒரு சுத்தமான வெள்ளைத் துணியின்மேல் இருந்தது. அவள் சாமியறையிலிருந்து திருநீறு கொண்டுவந்து அதன்மேல் மெல்லப் பூசினாள். நான் நிற்பது தெரியாமல் அதனிடம் சொன்னாள்:

"போயிட்டு வா, பிள்ளை."

பிறகு திரும்பி என்னைக் கண்டாள். "உதிலை நிண்டு என்ன பார்க்கிறியள்? சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டு வாங்கோ."

மான் கறி அவள் அடுப்பிலேயே வெந்தது. அவள் அதில் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. தனக்குச் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே வந்து இருந்தாள்.