இடைவேளைக்கு முந்தின கதவு

அந்தப் பேய்ப்படத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் மனப்பாடம் செய்திருந்தேன். ஆசைப்பட்டுச் செய்யவில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கும் சினிமாக் கொட்டகைக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலத்துக்கு ஒரு சந்து, அவ்வளவுதான். கொட்டகைக்குத் தகரக் கூரை. உள்ளே ஒருவன் இருமினால் எங்கள் அடுப்படியில் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில், "உனக்கென்னட்டி, டிக்கெட் இல்லாம சினிமா" என்று என் ஊர்க்காரிகள் கேலி பேசினார்கள். அவர்களைக் கொண்டுவந்து ஒரு வாரம் அந்த வீட்டில் குடிவைத்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. ஆடித்தபசுக்கு வருகிற கூட்டத்தை நம்பி அந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள். பேயும் உண்டு, துப்பறியும் இன்ஸ்பெக்டரும் உண்டு. திருவிழா முடிகிறவரை பகல் காட்சியும் சேர்த்து ஓட்டினார்கள். என் வீட்டுக்காரர் பவர்லூமில் தறி ஓட்டினார். நான் வீட்டில் இருந்தபடி தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுப்பேன். குளத்துப்படியில் விழுந்து இடுப்பில் அடிபட்ட மாமியார் சுவரோரம் பாய்போட்டு உட்கார்ந்திருப்பாள். ராட்டைச் சத்தம், அவள் முனகல், பேயின் சிரிப்பு எல்லாம் சேர்ந்து சாயங்காலத்துக்குள் என் தலை கனத்துவிடும். எதற்கடா விடிகிறது என்றிருந்த காலம்.

இந்த மாதிரிப் படத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்டது. முதலில் ஒரு பெண் சந்தோஷமாகப் பாடுவாள். அவ்வளவு சந்தோஷமாகப் பாடினால் அவள் சாகப்போகிறாள் என்று அர்த்தம். பாட்டு முடிந்ததும் ஓர் அலறல், தண்ணீரில் 'தொம்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஜீப் வரும், பூட்ஸ் சத்தத்தோடு இன்ஸ்பெக்டர் வருவார். வீட்டில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக அழுவார்கள். எவன் குரல் தடுமாறுவதைக் கேட்டு நமக்குச் சந்தேகம் வருகிறதோ அவன் கொலைகாரன் இல்லை. நாம் சந்தேகப்படுவதற்கென்றே அவனைப் போட்டிருப்பார்கள். அடுத்து சிரிப்புப் போலீஸ்காரன் பேயைக் கண்டு பல் தந்தியடிப்பான். நான் உலை வைப்பது அப்போதுதான். "பேயாவது பூதமாவது" என்று இன்ஸ்பெக்டர் சிரிப்பார். அப்படிச் சிரித்தவர் இடைவேளைக்குள் பேயைப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஜனம் முறுக்கு வாங்கப் போய்விட்டு உள்ளே திரும்பாது. பிறகு பழைய கதை, தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு போவது, சண்டை, கண்ணாடி உடைவது. கடைசியில் அதே பாட்டை அந்தப் பெண் அழுகிற குரலில் பாடிவிட்டுப் போய்விடுவாள். நான் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடுவேன்.

தொந்தரவு வந்தது இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால். செத்துப்போன பெண் தன் அம்மா வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிடுவாள். "அம்மா, கதவைத் திறம்மா. குளிருதும்மா." அந்தக் குரல் கேட்டதும் என் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தாலும் சரி. ஓர் எட்டு வைக்க ஒரு யுகம் ஆகும் அவளுக்கு. தபசுக் கூட்டத்தில் திருட்டுப் பயம் என்று பகலிலேயே தாழ் போட்டிருப்போம். அவள் போய் அந்தத் தாழை நீக்கி, கதவைத் திறந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இடைவேளை மணி அடித்ததும் திரும்பி வருவாள். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

எனக்கு ஒரு நாத்தனார் இருந்தாள். நான் அவளைப் பார்த்ததில்லை. வாசுதேவநல்லூருக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தின வருஷம், தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் வழுக்கிக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார்களாம். இவர்கள் போய்த் தூக்கிப்போட்டுவிட்டு வந்தார்கள். ஜீப்பும் வரவில்லை, இன்ஸ்பெக்டரும் வரவில்லை. வீட்டில் அவள் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நூல் சுற்றிக்கொண்டே நான்தான் மனத்துக்குள் விசாரணை நடத்துவேன். அவள் புருஷனா, அவன் அம்மாவா, யார் தள்ளியிருப்பார்கள்? படத்தில் குரலை வைத்துக் கொலைகாரனைத் தேடுகிற பழக்கம் அப்படியே இதிலும் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் மாமியார் கதவைத் திறக்கப்போய் நிலைப்படியில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கிவந்து நெற்றியில் பூசினார்.

"எம்மாவ எந் தங்கச்சிதான் வந்து புடிச்சிருக்கா" என்றார் என்னிடம். "ராயகிரிப் பக்கம் பேயோட்டுத கோடாங்கி ஒருத்தரு இருக்காராம். வார வெள்ளிக்கெழம கூட்டிட்டுப் போயிருவோம்."

எங்கள் ஊரில் கோடாங்கி முன்னால் ஒரு பெண்ணை உட்காரவைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். உடுக்கு அடித்து, மயிரைக் கொத்தாகப் பிடித்து, வேப்பங்குழையால் விளாசி, "நீ யாரு, சொல்லு" என்று கேட்பார்கள். அந்தப் பெண் அதற்கப்புறம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்த இடுப்போடு இவளை அங்கே உட்காரவைத்தால் உயிரோடு திரும்புவாளா? சொல்லிப் பார்த்தேன். "ஒனக்குத் தெரியாது, சும்மா இரி" என்றுவிட்டார்.

கொட்டகை ஆபரேட்டர் என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. என்னை மதினி என்று கூப்பிடுவார். சந்தில் பீடி பிடிக்க வந்தவரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன்.

"மதினி, அது மெயின் சீன்லா" என்றார். "பேயி அந்த வாசல்லதான் பீரோச் சாவியப் போட்டுட்டுப் போகும். அத எடுத்துட்டா இன்ஸ்பெக்டருக்குச் சாவி எங்கன இருந்து வந்துச்சுன்னு எவனாவது கேக்க மாட்டானா?"

"சாமி பாக்க வந்த கூட்டம் தம்பி. எவன் கேக்கப் போறான்?"

கூடுதல் காட்சிக்காக ஏற்கெனவே நடுவில் வேறொரு பாட்டை வெட்டியிருந்த ஆள்தானே. இதையும் வெட்டினார். ஒருவனும் கேட்கவில்லை. சாவி வானத்திலிருந்து விழுந்தாலும் நம் ஜனம் கை தட்டும்.

ஆனால் வீட்டில் நடந்தது வேறு. சிரிப்புப் போலீஸ்காரன் சத்தம் ஓய்ந்ததும் மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கச் சுவரில் கை வைத்தாள். நேராக இடைவேளை மணி அடித்துவிட்டது. அவள் கை சுவரிலேயே இருந்தது.

"ஏட்டி, இன்னைக்கு அவ கூப்பிடலியே" என்றாள்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாத்தியா, நாளுக்கு நாள் முத்துது" என்றார் என் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமைக்கு வில்வண்டி வேறு பேசிவிட்டு வந்திருந்தார். நான் திரும்ப ஆபரேட்டரிடம் போய், ஒட்டிவிடச் சொன்னேன்.

"கிழிஞ்ச சேலையா மதினி இது, வெட்டவும் தைக்கவும்?" என்று கடுப்படித்தார். அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஒட்டித் தொலைத்தார்.

எனக்குத் தோன்றியது ஒரே வழிதான். இவளைக் கூட்டிப்போய் அந்தப் படத்தைக் காட்டிவிட வேண்டும். மூஞ்சியில் மாவு பூசின நடிகை ஒருத்தி என்று கண்ணால் பார்த்துவிட்டால் தெளிந்துவிடுவாள், கோடாங்கிக்கு வேலை இருக்காது. வியாழக்கிழமை பகல் காட்சிக்கு வாரீகளா என்று கேட்டேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். "போவோம்" என்றாள் உடனே. என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி நடந்தாள். பின்சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். மனத்துக்குள் நான் வைத்திருந்த ஆட்கள் வேறு, திரையில் வந்த ஆட்கள் வேறு. கட்டைக்குரல் இன்ஸ்பெக்டர் ஒல்லியாக இருந்தார். பேயின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டின தடம் தெரிந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அந்த இடம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேய் வாசலில் நின்று கூப்பிட்டது. உள்ளே அம்மாக்காரி விளக்கோடு கதவருகே வந்தாள். தாழுக்குக் கை போயிற்று. பிறகு கையை இழுத்துக்கொண்டு, வாயைப் பொத்தி அழுதாள். திறக்கவில்லை. 'கிரீச்' என்று தினமும் கேட்டதை, அவள் கதவைத் திறக்கிற சத்தம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது காற்றில் ஆடின ஜன்னல்.

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். பயப்படவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கொலைகாரன் யாரென்று தெரிந்தபோது பெஞ்சே கூச்சல் போட்டது. அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பாயில் உட்காரவைத்தேன். எனக்கு அலுப்பும் எரிச்சலும் தாங்கவில்லை.

"பாத்தீகளா அத்தே? எல்லாம் சினிமா. எவளோ ஒருத்தி மைக்ல பேசுதா. அதுக்குப் போயி எந்திரிச்சு எந்திரிச்சு விழுதீக. நாளைக்கு ஒங்கள கோடாங்கிட்டக் கூட்டிட்டுப் போகப் போறாக, தெரியுமா?"

"எனக்கு என்னட்டி, பைத்தியமா?" என்றாள். "சினிமான்னு மொத நாளே தெரியும்."

"பொறவு எதுக்கு எந்திரிச்சுப் போறீக?"

உதட்டுக் காயத்தைத் தடவிக்கொண்டாள்.

"எம்மவ வந்தாட்டி. சாவதுக்கு முந்தி, ஐப்பசி மழையில, கடைசி பஸ்ல வந்து எறங்கி இந்தக் கதவத்தான் தட்டுனா. அம்மா, கதவத் தொறம்மா, குளிருதும்மான்னு. ஒன் புருசன் சொன்னான், தொறந்தா இங்கனயே இருந்துருவா, ஊரு சிரிக்கும்னு. நானும் இதே எடத்துலதான் உக்காந்திருந்தேன். அப்ப எனக்கு இடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு. அவன் பின்கதவத் தொறந்து சந்து வழியாப் போயி, அவளப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போயி உக்காந்திருந்து, விடிஞ்சதும் மொத பஸ்ல ஏத்திவிட்டுட்டு வந்தான். அடுத்த மாசம் கெணறுன்னு சொல்லி அனுப்புனாக." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அன்னைக்கு நான் எந்திரிக்கல. இப்பக் கூப்பிடுதது யாரா இருந்தா என்ன? கூப்பிட்டா எந்திரிச்சுப் போயித் தொறக்கேன். அவ்வளவுதான்."

நான் நூல் குச்சியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். இவ்வளவு நாளும் அந்தக் கிராமத்து ஆட்களையே வரிசையாக நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். படத்தில்கூட இன்ஸ்பெக்டர் பிறந்த வீட்டுக்கு வருவது சாட்சி கேட்கத்தான். அங்கே யாரையும் அவர் சந்தேகப்படுவதில்லை.

பொழுது சாய்ந்து என் வீட்டுக்காரர் வந்தார். சோறு வைத்தேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் சண்டை போட உடம்பில் தெம்பில்லை.

"அத்தைக்குப் பேயும் புடிக்கல, ஒண்ணும் புடிக்கல" என்றேன். "மழையில ஒங்க தங்கச்சி வந்து கதவத் தட்டுனத எங்கிட்டச் சொல்லிட்டாக. நீங்க பஸ் ஏத்திவிட்டதையும் சொன்னாக. நாளைக்குக் கோடாங்கி கேட்டா அதையேதான் சொல்லுவாக."

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. மாமியார் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பின்சுவருக்கு அந்தப்பக்கம் சாயங்காலக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்புப் போலீஸ்காரன் பல் தந்தியடித்தான். இன்ஸ்பெக்டர் சிரித்தார். எங்கள் மூன்று பேருக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

"அம்மா, கதவைத் திறம்மா. குளிருதும்மா."

மாமியார் கண்ணைத் திறந்து சுவரில் கை வைத்தாள். அவள் எழுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். சோற்றுக் கையோடு போய், இடது கையால் தாழை நீக்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்தார். தெருவில் தேங்காய்மூடிகளும் மாலையுமாகக் கோயிலிலிருந்து திரும்புகிற ஜனம் போய்க்கொண்டிருந்தது. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கிற்று. இடைவேளை மணி அடித்தது, நகரவில்லை. இடைவேளை முடிந்து மறுபடி படம் ஓட ஆரம்பித்தது. அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"ஏலே, போதும்" என்றாள் மாமியார். "சோறு ஆறுது. வந்து சாப்பிடு."

வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். கதவைச் சாத்தச் சொல்லி அவளும் சொல்லவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் வில்வண்டி வந்து வாசலில் நின்றது. அவரே போய் வண்டிக்காரரிடம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.