ஏறாத கழுதையும் ஒரு சேர்ந்திசைக் குழுவும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடமாகப் பொழுது விடிந்துகொண்டே இருந்தது. அதற்குக் காரணம் பாட்டு டீச்சர். பிள்ளைகளின் சேர்ந்திசைக் குழுவுக்கு அவர் வைத்திருந்தது மொத்தம் நான்கு பாட்டு. நான்குமே மெதுவானவை. நான்கிலும் கிழக்கு வெளுக்கும், பறவைகள் எழும், கடைசி வரியில் ஒளி பரவும். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர், அதில் ஒரு பாட்டு முடியும்வரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டீச்சர் அதையே நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு அன்று கண்வலி என்ற விஷயத்தை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

டீச்சர் கோபக்காரர் இல்லை. கோபம் வந்தால் சத்தம் அதிகமாகாது, சுருதிதான் ஏறும். பிள்ளைகள் அதை வைத்தே அவர் மனநிலையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கல்லைப் போட்டவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய மகள் குழுவில் இரண்டாவது வரிசை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"டீச்சர், என் பொண்ணு மூணு வருஷமா வீட்ல விடியுது விடியுதுன்னே பாடுறா. எப்பதாங்க விடியும்?"

கூடம் முழுக்கச் சிரித்தது. தலைமையாசிரியை சிரிப்பை மறைக்க வருகைப் பதிவேட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து டீச்சர் பொருமித் தீர்த்தார். கணவர், ஃபிரிட்ஜ் மெக்கானிக், வாயில் இரண்டு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டு வேலையில் இருந்ததால் ஆறுதல் சொல்லும் கடமையிலிருந்து தப்பித்தார். மாடியில் தையல் கடை வைத்திருந்த நாத்தனார் மட்டும் இறங்கி வந்தாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ஒன்பது வருஷமா சூரியனுக்கு மஞ்சத் துணி வெட்டி வெட்டி எனக்கே காமாலை வந்த மாதிரி இருக்கு. பாட்டை மாத்துங்க."

"எதுக்கு மாத்தணும்? நல்ல பாட்டு."

"நல்ல பாட்டுதான். நாலும் ஒரே நல்ல பாட்டு."

மறுநாள் டீச்சர் நூலகத்தில் இருந்த பாட்டுப் புத்தகங்கள், ஒலிநாடாக்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் கேட்டார், பாடிப் பார்த்தார், ஒதுக்கித் தள்ளினார். கடைசியில் ஐந்து தேறின. ஒரு தாலாட்டு, ஓடம் வலிப்பவர் பாட்டு, வார்த்தையே இல்லாமல் கைதட்டித் தொடையில் அடித்துப் பாடும் ஒன்று, ஒரே பாட்டை மூன்று அணிகள் ஒரு வரி தள்ளித் தள்ளித் தொடங்கும் ஒன்று, பிறகு பழைய ஒலிநாடாவில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பாட்டு. அதன் மொழி எதுவென்றுகூடத் தெரியவில்லை. ராகம் மனதை உருக்கியது, அது போதும் என்று உச்சரிப்பை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒத்திகையில் தாலாட்டு நன்றாக அமைந்தது. முன்வரிசையில் ஒருவன் தூங்கியே போனான். மூன்று அணிப் பாட்டில்தான் சிக்கல். ஒரு அணிக்குப் பின் ஒரு அணியாக முடிக்க வேண்டும் என்று டீச்சர் எவ்வளவோ சொன்னார். கடைசியில் முடித்தால் தோல்வி என்று பிள்ளைகள் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். மூன்று நிமிடப் பாட்டு ஐம்பது விநாடியில் முடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே ஒருத்தி கேட்டாள், "யாரு டீச்சர் ஜெயிச்சது?"

டீச்சரின் சுருதி மூன்று கட்டை ஏறியது.

வெளிநாட்டுப் பாட்டு மட்டும் தேனாக வந்தது. பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடிப் பாடினார்கள். தலைமையாசிரியை கேட்டு நெகிழ்ந்துபோனார்.

"இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "அன்பைப் பத்தி மேடம்," என்றார்.

தலைமையாசிரியை அதை நிகழ்ச்சி நிரலில் அச்சடித்துவிட்டார்.

விழாவுக்கு முதல் நாள் ஒலிபெருக்கி கட்ட ஒருவர் வந்தார். முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். மைக்கைச் சரிபார்த்துக்கொண்டே பாட்டைக் கேட்டவர், ஏணியிலிருந்து இறங்கிவந்தார்.

"டீச்சர், இந்தப் புள்ளைங்க ஏன் இவ்ளோ சோகமா பாடுது?"

"அன்புப் பாட்டுங்க அது."

"அன்பா? கழுதை படி ஏற மாட்டேங்குதுங்க. பின்னாடி ஒருத்தன் தள்றான், முன்னாடி ஒருத்தன் இழுக்கிறான். 'ஏறு, ஏறு'ன்னு கெஞ்சுறாங்க. அது 'மாட்டேன்'னு சொல்லுது. அவ்வளவுதான் பாட்டு. இதை நல்லா வேகமா பாடணும். உங்க டேப்புதான் இழுத்திருக்கும்."

டீச்சர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாட்டை எடுத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தார். ஆனால் பக்கத்தில் நின்ற முப்பத்திரண்டு முகங்களும் அதற்குள் சிரிப்பில் மலர்ந்துவிட்டிருந்தன. ஒரே சுரத்தைத் தவிர வேறு எதையும் பாடத் தெரியாமல் ஒன்றரை வருடமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த குண்டுப் பையன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், அந்த 'மாட்டேன்' ஒரே சுரம்தானே? நான் கழுதையா இருக்கேன்."

மறுநாள் மேடையில் தலைமையாசிரியை உருக்கமான குரலில் அறிவித்தார்: "அடுத்து, அன்பின் மேன்மையைச் சொல்லும் பாடல்." பிள்ளைகள் பாதிப்பேர் இழுத்தார்கள், பாதிப்பேர் தள்ளினார்கள், நடுவில் குண்டுப் பையன் ஒரே சுரத்தில் மாட்டேன் என்று நின்றான். மொழி புரியாமலே கூடம் இடிந்துவிழச் சிரித்தது. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சர் பக்கவாட்டில் நின்று, தன் பாட்டைக் கேட்டு ஒரு கூட்டம் விழித்திருப்பதை முதல்முறையாகப் பார்த்தார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மேடை மறைவில் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். டீச்சர் மன்னிப்புக் கடிதமே எழுதி வைத்திருந்தார்.

"அந்தக் கழுதை கடைசியில ஏறுச்சா இல்லையா?"

"பாட்டுல அதைச் சொல்லலை மேடம்."

"சரி, போங்க."

இப்போது குழுவில் ஐம்பத்தொரு பிள்ளைகள். நிற்கப் பெஞ்சு போதாமல் அறிவியல் கூடத்திலிருந்து நான்கைத் தூக்கி வந்துவிட்டார் டீச்சர். அறிவியல் வாத்தியார் அவரோடு பேசுவதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது.