ஓட்டுநரும் வட்டக் குமிழும்

இருபத்தாறு வருஷம் பேருந்து ஓட்டியவருக்குப் பணிமனையில் 'மெத்தை' என்று பெயர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருபவர்கள்கூடக் கம்பியைத் தேட மாட்டார்கள். அப்படிப்பட்டவரின் கைதான் ஐம்பத்திரண்டாம் வயதில் நடுங்கத் தொடங்கியது.

"உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. ஆனா ஸ்டியரிங் இனிமே வேண்டாம்" என்றார் டாக்டர்.

நிர்வாகம் அவரை மாடியில் இருந்த அறிவிப்பு அறைக்கு மாற்றியது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மைக், எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க ஒட்டிய பழைய பேருந்து இருக்கைப் பஞ்சு. பேருந்துகளில் "அடுத்த நிறுத்தம்" என்று கேட்கும் குரலும், அதற்கு முன் ஒலிக்கும் மணியும் அங்கேதான், பாட்டுக்கு இசை சேர்ப்பவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றில் தயாராயின. குரல், கீழே டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண்ணுடையது. முன்பு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை.

முதல் நாளே மேலாளர் வந்தார். "மணிச் சத்தம் காதைக் குத்துதுன்னு புகார் மேல புகாரா வருது. கொஞ்சம் பாருங்க."

திரையில் பழைய ரேடியோவில் இருப்பதுபோல வட்டக் குமிழ்கள் வரிசையாக இருந்தன. மெத்தை ஒன்றின்மேல் மவுஸை வைத்து வட்டமாகச் சுற்றினார். மணி சுத்தமாக அடங்கியது. அடுத்த நொடி அலறியது.

கவுண்டர்காரி படியேறி ஓடிவந்தாள். "என்னண்ணே, தீயணைப்பு வண்டி உள்ள வந்துடுச்சா?"

"வட்டமாத்தானேம்மா இருக்கு? சுத்துனா சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதே!"

அரைமணி நேரம் முட்டி மோதிய பிறகு, மேலும் கீழும் இழுத்தால்தான் அது திரும்பும் என்று தெரிந்தது. ஏன் அப்படி? கேள்வி அவரை விடவில்லை. சாப்பிடும்போது, தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மனைவியிடம் கேட்டார்.

"நேரா இழுக்கிறதுக்கு எதுக்கு வட்டமா வரையணும்?"

"வட்டம்னா இடம் கம்மியா அடைக்கும். நீளநீளமா முப்பது கோடு போட்டா உங்க திரை தாங்குமா?" என்றாள் அவள், மென்பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காமல். மெத்தை பிசைந்த சோற்றை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சிக்கல் கை. நாற்பதில் நிற்கும் குமிழை முப்பத்தேழுக்குக் கொண்டுவர வேண்டும். நடுக்கத்தில் அது முப்பத்தொன்றுக்குப் பாயும், இல்லையென்றால் நாற்பத்தாறுக்கு ஏறும். மூன்று நாள் போனது. நான்காம் நாள், உடம்பு ஆடாமலிருக்க இடது கையைக் கீபோர்டின்மேல் ஊன்றிக்கொண்டு இழுத்தார். குமிழ் ஊர்ந்தது. 39.8, 39.7, 39.6.

கணினி கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து கையை எடுத்தார். மறுபடி பாய்ந்தது. ஊன்றினார், ஊர்ந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். சுண்டுவிரலைத் தூக்கியபோது குமிழ் எகிறியது. அதன் கீழே இருந்தது ஷிஃப்ட் கீ. அதை அழுத்திப் பிடித்தால், கை பத்து அடி ஆடினாலும் குமிழ் ஓரடிதான் நகரும். கையின் நடுக்கம் குறையவில்லை, ஆனால் குமிழ்வரை போய்ச் சேரவில்லை. உடனே கவுண்டருக்கு இறங்கிப்போய் அதைச் சொன்னார்.

அதன்பிறகு எந்தக் கீயையும் அவர் விட்டுவைக்கவில்லை. குமிழை இரண்டுமுறை தட்டினால் அது தொடங்கிய இடத்துக்கே ஓடிவிடும் என்பதை, நடுங்கும் விரல் தானாகவே தட்டி, ஒரு காலை நேர வேலை காணாமல் போனபோது கற்றுக்கொண்டார். செய்ததை ரத்து செய்யும் வழியைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எல்லாம் கைவந்தும் மணியின் சத்தத்தைக் குறைத்ததில் பலனில்லை. முன்பக்கம் உட்கார்ந்தவர்கள் அப்போதும் முகம் சுளித்தார்கள். பின்பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. மெத்தை டிக்கெட் எடுத்துப் பயணியாக ஏறினார். ஒரு நடை ஸ்பீக்கருக்கு நேர் கீழே, ஒரு நடை என்ஜின் மேலே கடைசி சீட்டில். இறங்கும்போது விஷயம் பிடிபட்டிருந்தது. காதைக் குத்தியது சத்தத்தின் அளவு இல்லை, அதன் கூர்மை. கீச்சென்ற மேல் ஒலியைக் குறைக்கும் குமிழை மட்டும் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி இழுத்தார், மணி வழவழப்பானது.

இன்னொன்றும் அவருக்குத்தான் தெரியும். மருத்துவமனை மேட்டில் என்ஜின் உறுமும், நூலகத்துச் சமதளத்தில் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். முதல் வழித்தடத்தின் நாற்பத்தொரு நிறுத்தத்துக்கும் குரலைத் தனித்தனியாக ஏற்றி இறக்கினார். ஐந்து வாரம் ஆனது.

புதிய ஒலி வந்த அன்று மறுபடி ஏறினார். எதிர் சீட்டில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு கண்ணயர்ந்திருந்தாள். மருத்துவமனை மேட்டில் மணி ஒலித்தது, குரல் வந்தது. அவள் கண்விழித்து எழுந்து இறங்கிப்போனாள். குழந்தை அசையவே இல்லை. மெத்தை தன் நிறுத்தத்தைத் தவறவிட்டார்.

புகார் நின்றது. கேள்வி நிற்கவில்லை. ஷிஃப்ட்டைப் பிடித்தால் பத்தில் ஒரு பங்குதான் நகர வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? ஏன் எட்டில் ஒன்று இல்லை? மென்பொருள் செய்தவர்களுக்கே எழுதிக் கேட்டார். பதினோராம் நாள் பதில் வந்தது: "நான் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். இங்கே யாருக்கும் காரணம் தெரியவில்லை. நீங்கள் கேட்டதிலிருந்து எனக்கும் வேறு வேலை ஓடவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்."

கவுண்டர்காரிக்கு அதைப் படித்துக் காட்டினார்.

"ஏண்ணே, அவங்க நிம்மதியையும் கெடுத்தாச்சா?" என்று சிரித்தபடி அவள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த வழித்தடத்தில் முப்பத்தெட்டு நிறுத்தங்கள் இருந்தன.