வீட்டு வண்டிக்கு அகழி

அண்ணி லூர்தம்மாளுக்கு உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் எதையாவது பார்த்துவிட்டு வருவார். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், பக்கத்தில் இருப்பவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே உலாத்தப் போய்விடுவார். அவருக்குக் குழந்தை கிடையாது. கெலமங்கலத்தில் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர். நேரத்துக்குத் தழை போட்டு, எறும்பு பார்த்து, பல்லி விரட்டிப் பழகிய உடம்பு அது. சும்மா இருந்தால், எங்கோ ஏதோ செத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிடும். எனக்கு அது வெகுநாள் வேடிக்கையாகத்தான் இருந்தது.

என் பெயர் பாக்கியராஜ். மாநில எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டின் மேல் பஞ்சர் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டி வீடு. அந்த வீட்டில் என் அண்ணன் மைக்கேல்ராஜ், அண்ணி, நான் மூன்று பேரும் இருந்தோம்.

அண்ணன் டிரைவர். ஆனால் ஓட்டியது லாரியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. எல்சா டாக்டரம்மா என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் லாரி சேசிஸ் மேல் ஒரு வீட்டையே கட்டி வைத்திருந்தார். உள்ளே கட்டில், மெத்தை, ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி, மருந்து அலமாரி எல்லாம் உண்டு. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மலைக் கிராமங்களில் வாரக்கணக்காக அதிலேயே தங்கி வைத்தியம் பார்ப்பார். ஜனங்கள் அதை வீட்டு வண்டி என்றார்கள். அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்கு முன் இரண்டு லாரி முதலாளிகளோடு சண்டை போட்டு வேலையை விட்டவர். அவரைப் பொறுத்துக்கொண்டு வைத்திருந்தது டாக்டரம்மா ஒருத்தர்தான். அந்த வண்டி போனால் அண்ணன் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அறுபத்தேழாம் வருஷ மழைக்காலத்தில் வண்டியைக் கிருஷ்ணகிரியில் ஒரு கொட்டகையில் இரண்டு மாதம் நிறுத்தியிருந்தார்கள். திறந்து பார்த்தால் ஒயரெல்லாம் எலி கடித்து, மெத்தை பஞ்சு பஞ்சாகி, மாத்திரைப் பொட்டலங்கள் தூளாகிக் கிடந்தன. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி வேர்க்கடலைத் தொலி. அண்ணனுக்கு வண்டி ஓட்டும்போது கடலை கொறிக்காவிட்டால் தூக்கம் வரும். டாக்டரம்மா கத்தவில்லை.

"மைக்கேல், இந்த வண்டிக்குள் நீ இனிமேல் தின்பதற்கு ஒன்றும் கொண்டு வரக் கூடாது. இன்னொரு முறை உன்னால் எலி வந்தால், நான் வேறு டிரைவர் பார்ப்பேன்" என்றார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் நின்று, இனி ஒரு பருப்புகூட வண்டிக்குள் ஏற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அண்ணி பக்கத்தில் நின்று கேட்டார்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம், தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று டாக்டரம்மா ஊருக்குப் புறப்பட்டார். ஆறு மாதம் ஆகும் என்றார். வண்டி எங்கள் கொட்டகையில் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு, சாவியை அண்ணனிடம் தராமல் அண்ணி கையில் கொடுத்தார். அண்ணன் முகம் சுண்டிப்போனது. அவர் அந்த ஆறு மாதத்துக்கு ஊத்தங்கரையில் ஒரு தனியார் பஸ்ஸுக்கு மாற்று டிரைவராகப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அண்ணி வண்டியை மூன்று சுற்று சுற்றினார். பிறகு என் கடைக்கு வந்து ஜாக்கியைக் காட்டினார்.

"தம்பி, சக்கரத்தக் கழட்டிடுங்க."

"என்னாத்துக்கு அண்ணி?"

"எங்க வூட்டுல புழுத் தட்டு அடுக்குற ஸ்டாண்டு இருக்குதில்ல, அதோட காலு ஒவ்வொண்ணுத்தயும் தண்ணிக் கிண்ணத்துலதான் நிறுத்துவோம். எறும்பு ஏறாது. இதுக்கும் அப்பிடித்தான் பண்ணணும்."

நான் சிரித்தேன். சிரித்து என்ன, செய்துதான் ஆக வேண்டியிருந்தது. வேலிக்கு நடுகிற கல்தூண்களில் குட்டையாக, தடிமனாக நாலு தேடி எடுத்தோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, வண்டியைக் கல்லின் மேல் இறக்கினேன். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் அண்ணி தானே சிமெண்ட் குழைத்து ஒரு முழ அகலத்துக்கு வட்டத் தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றினார். கழற்றிய டயர்களை நான் கொட்டகைக்குள்ளேயே வண்டிப் படிக்கட்டுப் பக்கமாக அடுக்கி வைத்தேன்.

எதிரே டீக்கடை வைத்திருந்த லால் பாஷா பாய் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, அகழி வெட்டியாச்சு. மொதல எப்ப வுடப் போற?"

"நீங்க வந்து எறங்குங்க பாய், அது போதும்" என்றார் அண்ணி. கை மட்டும் சிமெண்ட்டை விட்டு எடுக்கவில்லை.

சைலன்சர் குழாயில் குளவி கூடு கட்டாமல் நான் துணியைத் திணித்தேன். உள்ளே அலமாரிகளில் அண்ணி நொச்சித் தழையும் வேப்பிலையும் கட்டித் தொங்கவிட்டார். மிச்சம் இருந்தது இடுக்குகள். கதவு ஓரம், ஜன்னல் சட்டம், தரைப் பலகை சேர்கிற இடம் என்று விரல் நுழைகிற சந்து பத்துப் பதினைந்து இருந்தது. தகரம் வெட்டி ஆணி அடித்துவிடலாம் என்றேன்.

"டாக்டரம்மா வண்டியில ஆணி அடிக்கறதா? ஓட்ட போட்டது யாருன்னு அப்பறம் உங்க அண்ணனத்தான் கேப்பாங்க" என்று மறுத்துவிட்டார்.

புழு வீட்டில் சந்து தெரிந்தால் காகிதம் ஒட்டுவார்கள். கேழ்வரகு மாவைக் கூழாகக் காய்ச்சி அதுதான் பசை. அண்ணியும் ஒரு பெரிய சட்டியில் காய்ச்சினார். பழைய பேப்பரை நாலு மடிப்பாக மடித்து, கூழைத் தாராளமாக அப்பி, ஒரு சந்து விடாமல் உள்ளும் புறமும் ஒட்டினார். அந்த வேலையைப் பார்த்து நான் அசந்துபோனேன். அதில் ஒரு தப்பு இருந்தது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. புழு வீட்டில் எந்நேரமும் யாராவது தழை போட்டுக்கொண்டு நடமாடுவார்கள், எலி கிட்டே வராது. இங்கே ஆள் அரவமில்லாத கொட்டகையில் நாங்கள் சோற்றை அப்பி வைத்துவிட்டு வந்திருந்தோம்.

அதற்குப் பிறகு அண்ணிக்கு நிம்மதி போனது. தொட்டித் தண்ணீரில் கொசு முட்டையிடும் என்று மூன்று நாளைக்கு ஒரு தரம் இறைத்துக் கொட்டி, கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் சுமந்து ஊற்றினார். தண்ணீர் மேல் ஒரு சருகு விழுந்தால் எறும்புக்குப் பாலம் ஆகிவிடும் என்று அதைப் பொறுக்க ஓடுவார். பேசிக்கொண்டே இருப்பார், பாதிப் பேச்சில் கொட்டகைப் பக்கம் காது போய்விடும். அடுப்பில் குழம்பு தீய்ந்த நாட்கள் உண்டு. கெலமங்கலத்தில் தங்கை மகளுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை விசேஷம் வைத்தார்கள், அதற்குக்கூடப் போகவில்லை.

"ஒரு நாள் போனா என்னா அண்ணி? நான் பாத்துக்க மாட்டனா?"

"நீங்க பாப்பீங்க தம்பி. எனக்குத்தான் அங்க சோறு எறங்காது."

ஊத்தங்கரையிலிருந்து அண்ணன் மாதம் ஒரு தடவை வருவார். வந்தால் வண்டியைச் சுற்றிப் பார்ப்பார், கதவில் ஒட்டிய காகிதத்தைத் தடவுவார். ஒரு தடவை, "ஒரு நிமிஷம் தொறந்து பாத்துட்டு மூடிடலாமா?" என்று கேட்டார். அண்ணி சாவியை இடுப்பில் இன்னும் உள்ளே செருகிக்கொண்டார். அண்ணன் வற்புறுத்தவில்லை. ஏன் கேட்டார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அக்டோபரில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை அண்ணி என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கதவின் கீழ்ப்பக்கம் ஒட்டிய காகிதத்தைக் காணோம். கூழ் அப்பிய தடம்கூட மிச்சமில்லாமல் எலி நக்கியிருந்தது. தரைப் பலகை ஓரத்தில் என் மணிக்கட்டு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

"என் கையாலயே சோறு வச்சிக் கூப்டுட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணி.

என் கண் டயர் அடுக்கின் மேல் போனது. மேல் டயரில் எலிப் புழுக்கை. அங்கிருந்து வண்டியின் படிக்கட்டுக்கு ஒரு தாவல்தான். இத்தனை தண்ணீர் சுமந்து அவர் காத்த வண்டிக்கு, அகழியைத் தாண்ட ஏணி வைத்துக் கொடுத்தவன் நான். அண்ணி டார்ச் லைட் எடுக்க வீட்டுக்குள் திரும்பியதும் புழுக்கையைத் துடைத்துவிட்டு, டயர்களைக் கடைக்குள் உருட்டிக்கொண்டு போய்விட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வண்டிக்குள் முதலில் ஏறியது அண்ணி. என்னை வெளியிலேயே நிற்கச் சொன்னார். வெகுநேரம் உள்ளே எதையோ துழாவினார். கடைசியில், மடியில் எதையோ சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"என்னா அது?"

"எலிக் குஞ்சு. பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார்.

மெத்தையின் ஒரு மூலையும் ஒரு திரையும் இரண்டு ஒயரும்தான் போயிருந்தன. மெத்தையை அண்ணி தைத்தார், ஒயரை நான் ஒட்டுப் போட்டேன். ஓட்டையை மறைக்க முடியவில்லை. நவம்பர் கடைசியில், சொன்ன நாளுக்கு முன்னதாகவே டாக்டரம்மா வந்து நின்றார். அவர் வருவதாகக் கொடுத்த தந்தி பார்த்து அண்ணனும் ஓடி வந்திருந்தார்.

கல்லையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்து டாக்டரம்மா அசந்துபோய் போட்டோ எல்லாம் எடுத்தார். பிறகு குனிந்து ஓட்டையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. முகத்தைத் திருப்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"நான் ஒட்டுன கேவுருக் கூழுதாம்மா காரணம்" என்றார் அண்ணி. "எலி அதத் தின்னத்தான் வந்துச்சு. இவரு ஊருலயே இல்ல. தப்பு என்னோடது."

டாக்டரம்மா நிமிர்ந்து அவர் பக்கம் திரும்பினார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, "லூர்து, நீ எலிக்கு விருந்து வைத்தாய்" என்று முதுகில் தட்டினார். மறுநாளே சக்கரம் மாட்டினேன். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டைக்குப் போனார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் உட்கார்ந்து, எங்கள் அண்ணி எலிக்குக் கூழ் ஊற்றிய கதையை நடித்தே காட்டினேன். லால் பாஷா பாய் அன்றே 'கூழ்க்காரம்மா' என்று பெயர் வைத்தார். செக்போஸ்ட்காரர்கள்வரை அது பரவியது. சந்தைக்குப் போனால் கேழ்வரகு விற்கிறவள்கூட, "எலிக்கா, ஊட்டுக்கா?" என்று கேட்டாள். புழு வீட்டுப் பெண், இடுக்குப் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தவர் அவர். காதில் விழாத மாதிரி வேகமாக நடந்து போய்விடுவார்.

ஒன்று மட்டும் புதிதாக நடந்தது. அண்ணன் வண்டி எடுக்கிற ஒவ்வொரு காலையிலும் அண்ணி வண்டிக் கதவருகே வந்து நிற்பார். அண்ணன் இரண்டு கையையும் தூக்குவார். சட்டைப் பை, கால்சட்டைப் பை, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் அண்ணி தடவிப் பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியில் கை விட்டுத் துழாவிவிட்டு நகர்வார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன் பூனை மாதிரி நிற்பார். "செக்போஸ்ட்டு இங்கியே வந்துடுச்சு" என்று பாய் சிரிப்பார்.

ஒரு வருஷம் போல இதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அண்ணனிடம் கேட்டேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சீட்டுக்கு அடியில ஒரு பை வறுத்த கடல வச்சிருந்தன்டா. எடுக்க மறந்துட்டன். எலிக் குஞ்சுன்னு நீ சொன்னியே, அந்தப் பையத்தான் மடியில கட்டிக் கொண்டாந்து அடுப்புல போட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

 வீட்டுக்குப் போனேன். அண்ணி சமையலுக்குக் கீரை கிள்ளிக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணி, அண்ணன் சொல்லிட்டாரு. இன்னொண்ணும் இருக்குது. அந்த டயரு…"

"தெரியும்" என்றார் அவர்.

"என்னா தெரியும்?"

"புழுக்கைய உங்களுக்கு முன்னாடியே பாத்துட்டன் தம்பி. டார்ச் எடுத்துட்டுத் திரும்பி வர்றன், டயரக் காணோம்."

"ஏன் அண்ணி சொல்லல? ஊரே உங்களக் கேலி பண்ணுது. நானே பண்ணன்."

"கடலன்னு சொன்னா அவரு வேல போயிருக்கும். டயருன்னு சொன்னா இந்தக் கொட்டகையில மறுபடி வண்டிய வுட்டிருக்க மாட்டாங்க. கூழுன்னா என்னோட போவுது." அதற்குள் அவர் காது வேறெங்கோ போயிருந்தது. "பாலு பொங்குது பாருங்க" என்று உள்ளே ஓடினார்.

இதை நான் அப்போது யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் டாக்டரம்மா காதுக்குப் போகும்.

மறுநாள் டீக்கடையில் லால் பாஷா பாய் கிளாஸை வைத்துவிட்டு, "கூழ்க்காரம்மா எப்பிடிறா கீது?" என்றார்.

"இனிமே அப்பிடிக் கூப்டாத பாய்."

"ஏன்டா, அந்தக் கதயப் பரப்புனதே நீதானே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் அந்தப் பெஞ்சில் உட்கார முடியவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.